சுணைமுள் ஏறிய சின்னக் கை

முயல்காதுக் கள்ளி என்று தொட்டியில் வளர்க்கும் செடியைப் பார்த்தால் அதற்கு முள்ளே இல்லை என்றுதான் தோன்றும். பச்சைத் தட்டின் மேல் வரிசை வரிசையாக, மஞ்சளாகவோ வெள்ளையாகவோ பஞ்சுப் பொட்டு வைத்தாற்போல் இருக்கும். குழந்தை அதைத் தடவாமல் இருக்காது. தடவிய நொடியில் பெரிதாக வலிக்கவும் வலிக்காது. சற்று நேரம் கழித்துக் கையை உதறும், சட்டையில் தேய்க்கும், அப்புறம் அதே கையால் கண்ணைக் கசக்கப் போகும். அந்தப் பஞ்சுப் பொட்டு ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கில் முள் அடைந்து கிடக்கிறது. ஒவ்வொன்றும் சில மில்லிமீட்டர் நீளம், தலைமுடியைவிட மெல்லிசு, பட்டதுமே செடியை விட்டுக் கழன்றுவிடும்.

இதற்குத் தமிழில் முன்பே ஒரு நல்ல சொல் இருக்கிறது: சுணை. மூங்கில் குருத்திலும் பூனைக்காலிக் காயிலும் ஒட்டியிருப்பதை அப்படித்தான் சொல்கிறோம். ஆனால் பூனைக்காலிச் சுணைக்கும் கள்ளிச் சுணைக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. பூனைக்காலிச் சுணையில் அரிப்பைக் கிளப்பும் புரதம் இருக்கிறது. கள்ளிச் சுணையில் நஞ்சு எதுவும் கிடையாது. பருத்தி நூலும் காகிதமும் எதனால் ஆனவையோ அதே செல்லுலோஸ்தான். நம் உடம்பால் அதைக் கரைக்க முடியாது. உள்ளே வந்த அந்நியப் பொருளைச் சுற்றி உடம்பு போராடுவதால்தான் அந்த இடம் சிவந்து, தடித்து, நமநமவென்று அரிக்கிறது.

எல்லா வைத்தியமும் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும். முறிக்க நஞ்சு இல்லாதபோது எந்தக் களிம்பும் எதையும் முறிக்கப் போவதில்லை. முள் உள்ளே இருக்கும்வரை அரிப்பும் இருக்கும். குழந்தை அழுதவுடன் பெரியவர்கள் மருந்துப் பெட்டியில் களிம்பைத் தேடுகிறார்கள். தேட வேண்டியது முள்வாங்கியை. முதலில் களிம்பைப் பூசினால் தோல் வழுக்கும். அதன்மேல் முள்வாங்கிக்கும் பிடி கிடைக்காது, பசையும் ஒட்டாது. எளிதாக எடுத்திருக்கக்கூடிய முள்ளை நாமே பாதுகாத்து வைத்தது போல ஆகிவிடும்.

எந்தக் கள்ளி என்று முதலில் பார்த்துவிடுங்கள்

நம் பேச்சில் கள்ளி என்ற ஒரே சொல் இரண்டு வேறு குடும்பச் செடிகளைக் குறிக்கிறது. இது வெறும் தாவரவியல் நுணுக்கம் இல்லை, முதலுதவியையே மாற்றிவிடும். சப்பாத்திக்கள்ளியும் முயல்காதுக் கள்ளியும் உண்மையான கள்ளிகள். வெட்டினால் தண்ணீர் போன்ற, கொழகொழப்பான சாறு வரும். அதனால் பெரிய கெடுதல் இல்லை. சதுரக்கள்ளி, இலைக்கள்ளி, கொம்புக்கள்ளி எல்லாம் எருக்கைப் போலக் கிள்ளினால் பால் வடியும் செடிகள், வேறு குடும்பம். அந்தப் பால் தோலைப் பொசுக்கும், கொப்புளம் கிளப்பும், கண்ணில் பட்டால் கருவிழியையே புண்ணாக்கும்.

ஆகவே செடியின் முறிந்த இடத்தைப் பாருங்கள். வெள்ளைப் பால் கசிந்திருந்தால் முள் இரண்டாம் பட்சம். முதலில் சோப்பும் ஓடும் தண்ணீரும் வைத்து அந்தப் பாலைக் கழுவி எடுக்க வேண்டும். பிசுபிசுப்பாக இருப்பதால் ஒரே தடவையில் போகாது. பால் பட்ட சட்டையையும் கழற்றிவிட வேண்டும். கண்ணில் பட்டிருந்தால் இமையைத் திறந்து பிடித்துச் சுத்தமான தண்ணீரை 15 முதல் 20 நிமிடம் விடாமல் ஊற்றிக் கழுவிவிட்டு, அப்படியே கண் மருத்துவரிடம் போக வேண்டும். கண்ணெரிச்சல் முதலில் லேசாக இருந்து சில மணி நேரத்தில் கடுமையாகும் வழக்கம் இதற்கு உண்டு. 'கழுவியாச்சு, சரியாகிவிட்டது' என்று உட்கார்ந்துவிடக் கூடாது. செடியை அலைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு போனால் மருத்துவருக்கு வேலை சுலபம்.

பால் இல்லை, முள் மட்டும்தான் என்றால் தண்ணீரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். காரணம் கீழே வருகிறது.

முதல் ஐந்து நிமிடம்

கள்ளிச் சுணையைப் பெரிதாக்கிப் பார்த்தால் அதன் உடம்பெல்லாம் பின்னோக்கிச் சாய்ந்த செதில்கள். நெல்லின் வாலை ஒரு பக்கமாக உருவினால் வழுக்கும், மறுபக்கமாக உருவினால் விரலைப் பிடிக்கும் இல்லையா, அதே அமைப்புதான். உள்ளே போகும் திசையில் வழுக்கும், வெளியே வரும் திசையில் மாட்டும். எனவே கையைத் தேய்க்கும்போதும் கசக்கும்போதும் தோல் அசைகிற ஒவ்வோர் அசைவும் முள்ளை உள்ளே தள்ளுமே ஒழிய வெளியே தள்ளாது. குழந்தையின் கையைப் பிடித்துத் துண்டால் 'தட்டிவிடுவது' பாசத்தோடு செய்யும் காரியம்தான். ஆனால் நட்டுக்கொண்டு நின்றிருந்த முள் அதனால்தான் தோல் மட்டத்தில் முறிந்து, பிடியே கிடைக்காமல் போகிறது.

முதல் வேலை குழந்தையின் இரண்டு கைகளையும் தனித்தனியாகப் பிடித்துக்கொள்வது. ஒரு கை மற்றதைத் தொடக் கூடாது. முகத்துக்குப் போகக் கூடாது, வாய்க்கும் போகக் கூடாது. குத்திய விரலைக் குழந்தை சப்பினால் சுணை உதட்டிலும் நாக்கிலும் ஏறிவிடும். அங்கிருந்து எடுப்பது பத்து மடங்கு கடினம்.

அடுத்து சட்டை. பொத்தான் வைத்த சட்டையென்றால் கழற்றிவிடலாம். தலைவழியாகக் கழற்றும் பனியன் வகையென்றால், அதில் சுணை அப்பியிருந்தால், கழற்றும்போது முகம் முழுவதும் இழுத்துக்கொண்டு போகும். கத்தரிக்கோலால் முன்பக்கம் கீழிருந்து மேலாக வெட்டி, கோட்டைக் கழற்றுவது போல் எடுத்துவிடுங்கள். ஒரு பனியன் போவதைப் பற்றி அந்த நேரத்தில் யோசிக்கவே வேண்டாம்.

கழுவுவதைத் தள்ளிப்போடச் சொல்வதற்குக் காரணம் இதுதான்: ஈரமான தோல் ஊறி மெத்தென்று ஆகிவிடும், முள்வாங்கி நழுவும், ஒட்டுநாடாவும் பசையும் பிடிக்காது. கையில் மண்ணும் சேறும் அப்பியிருந்தால் மட்டும் ஓடும் தண்ணீரைத் தேய்க்காமல் ஊற்றி, காற்றிலேயே உலரவிடுங்கள். வெந்நீரில் ஊறவைப்பது வேண்டவே வேண்டாம்.

இருபது நிமிடத்துக்கும் மேல் ஆகும் வேலை என்று பட்டால், தொடங்குவதற்கு அரை மணி முன்னால் ஒரு வேளை பாராசிட்டமால் கொடுத்துவிடலாம். அளவு எடையைப் பொறுத்தது: ஒரு வேளைக்கு ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம், வேளைக்கு வேளை குறைந்தது 4 முதல் 6 மணி நேர இடைவெளி, 24 மணி நேரத்தில் 4 வேளைக்கு மேல் கூடாது. 12 கிலோ குழந்தைக்கு 180 மில்லிகிராம். இங்கே தவறு நடக்கும் இடம் புட்டி. 5 மில்லியில் 120 மில்லிகிராம் இருக்கும் சிரப்பில் இது 7.5 மில்லி. 5 மில்லியில் 250 மில்லிகிராம் இருக்கும் சிரப்பில் வெறும் 3.6 மில்லி. போன தடவை எவ்வளவு கொடுத்தோம் என்ற ஞாபகத்தில் ஊற்றாதீர்கள், ஒவ்வொரு முறையும் லேபிளைப் படியுங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட பச்சைக்குழந்தைக்கு மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. ஆஸ்பிரின் எந்தக் குழந்தைக்கும் வேண்டாம்.

பெரிய முள்

இது எளிது, சீக்கிரம் சொல்லிவிடலாம். ஊசி மாதிரி நீண்ட முள் குத்தி நின்றால், தோலுக்கு மிக அருகே முள்வாங்கியால் இறுகப் பிடித்து, எந்தக் கோணத்தில் உள்ளே போனதோ அதே கோணத்தில் நேராக இழுக்க வேண்டும். ஆட்டிப் பார்க்கக் கூடாது, பக்கவாட்டில் வளைக்கக் கூடாது. முறிவது அப்படித்தான். எடுத்த முள்ளின் முனையைப் பாருங்கள்: கூராக முழுசாக இருந்தால் நிம்மதி, மொட்டையாக இருந்தால் மிச்சம் உள்ளே இருக்கிறது.

செடியின் ஒரு துண்டே கையிலோ காலிலோ கவ்விக்கொண்டால் அதை இன்னொரு கையால் பிடுங்கப் போகாதீர்கள், அந்தக் கையிலும் கவ்விக்கொள்ளும். பெரிய பல் சீப்பு ஒன்றைத் துண்டுக்கும் தோலுக்கும் நடுவே செருகி, ஆள் இல்லாத பக்கமாக ஒரே வீச்சில் நெம்பித் தெறிக்கவிட வேண்டும். மிஞ்சும் முட்களைப் பிறகு ஒவ்வொன்றாக எடுக்கலாம்.

சுணை: இங்கேதான் பொறுமை வேண்டும்

இதை எப்படி எடுப்பது என்று 1987-இல் ஓர் ஆய்வு வந்தது. முயலின் தோலில் கள்ளிச் சுணையை ஏற்றி, வீடுகளில் வழக்கமாகச் சொல்லப்படும் முறைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முள்வாங்கி மட்டும் 76 விழுக்காடு எடுத்தது. வெள்ளைப் பசையும் காஸ் துணியும் (காயத்துக்குக் கட்டும் மெல்லிய வலைத்துணி) சேர்ந்து 63. எல்லோருக்கும் முதலில் தோன்றும் ஒட்டுநாடா 30-ஐத் தாண்டவில்லை. முதலில் முள்வாங்கி, அதன்பின் பசை என்ற வரிசையில் செய்தபோது 95 விழுக்காடு வந்துவிட்டது. இந்த எண்களில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த வரிசைதான். கொத்தாக நிற்பதை முள்வாங்கி எடுக்கிறது. அதன் கண்ணில் படாததைப் பசை எடுக்கிறது. பசையை முதலில் போட்டால் கொத்துகளின் மேல் கூடாரம் போல உட்கார்ந்துகொண்டு தோலைத் தொடாமலே காய்ந்துவிடும்.

தேவையான பொருள்கள் அதிகம் இல்லை. முனை நன்றாகச் சேரும் கூர்முனை முள்வாங்கி ஒன்று. பழைய புருவ முள்வாங்கியின் முனைகள் விலகியிருந்தால் முடியளவு முள்ளைப் பிடிக்காது. இரு முனைகளையும் சேர்த்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நடுவே ஒளி தெரிந்தால் அது உதவாது. முனையைச் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடைத்து உலரவிடுங்கள். அதோடு ஒரு டார்ச், ஒரு பூதக்கண்ணாடி அல்லது அலைபேசி கேமரா.

வெளிச்சத்தை மேலிருந்து அடிக்காதீர்கள். டார்ச்சைத் தோலோடு ஒட்டினாற்போல் படுக்கவைத்துப் பக்கவாட்டில் அடித்தால், ஒன்றுமே இல்லை என்று நினைத்த உள்ளங்கையில் பொன்னிறப் பூனைமுடி மாதிரி ஒரு காடே நிற்பது தெரியும். ஒவ்வொன்றும் தன் நிழலைத் தோலின் மேல் நீட்டிக்கொண்டு நிற்கும். எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதையும் அந்த நிழலே காட்டிக்கொடுக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டும்.

குழந்தையை மடியில் உட்கார வைத்து, கையை மேசைமேல் மடித்த துண்டில் வையுங்கள். ஓரத்திலிருந்து நடுவை நோக்கிப் போங்கள். நடுவிலிருந்து தொடங்கினால் உங்கள் விரலே ஓரத்து முட்களை அழுத்திக்கொண்டிருக்கும். கொத்தாக நிற்பவற்றை முதலில் எடுங்கள். சாய்ந்திருக்கும் திசையிலேயே மெதுவாக இழுங்கள். பக்கத்தில் ஒரு ஒட்டுநாடாத் துண்டை, ஒட்டும் பக்கம் மேலே பார்க்கும்படி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறை இழுத்ததும் முள்வாங்கியின் முனையை அதில் துடையுங்கள். இதைச் செய்யாதவர்கள் எடுத்த முள்ளையே மறுபடி குழந்தையின் கையில் நட்டுவிடுகிறார்கள். தெரியாமலே நடக்கும் தவறு இது.

டார்ச்சைப் பிடிக்கும் வேலையைக் குழந்தையிடமே, சும்மா இருக்கும் அந்தக் கையில் கொடுத்துவிடலாம். கையைப் பிடித்து அமுக்கி வைத்தால் பத்து முள்ளில் போராட்டம் ஆகிவிடும். வெளிச்சம் காட்டும் பொறுப்பு கிடைத்த குழந்தை ஐம்பது முள்வரை தாங்கும். நாடாவில் சேர்ந்த முட்களை எண்ணச் சொல்வதும் நன்றாக வேலை செய்யும். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிறுத்தி இடைவெளி விடுங்கள். எல்லாவற்றையும் ஒரே அமர்வில் எடுத்தாக வேண்டும் என்று ஒன்றும் இல்லை. அசையும் கையில் எடுக்கப் போனால் முறிவதுதான் மிச்சம்.

பசை போடும் முறை

இங்கே வேண்டியது பள்ளிப் பிள்ளைகள் காகித வேலைக்குப் பயன்படுத்தும் வெள்ளைப் பசை, தண்ணீரில் கழுவினால் போய்விடுமே அது. நொடியில் ஒட்டும் சூப்பர் குளூ எக்காரணம் கொண்டும் கூடாது. தோலோடு தோலை ஒட்டிவிடும் என்பது மட்டும் இல்லை. அந்தப் பசை பருத்தித் துணியில் பட்டால் வேதிவினை வேகமாக நடந்து சூடு கிளம்பும், தோல் வெந்துபோகும் அளவுக்கு. காஸ் துணியோ பருத்திதான். இந்த இரண்டையும் குழந்தையின் கையில் சேர்ப்பது தீக்காயத்துக்கு வழி.

உலர்ந்த தோலில், உள்ளங்கையில் பாதி அளவு இடத்துக்கு மட்டும், பசையை மெல்லிய படலமாகத் தடவுங்கள். விரலால் தேய்க்காமல் மெல்லிய தூரிகையால், முட்கள் சாய்ந்திருக்கும் திசையிலேயே ஓட்ட வேண்டும். அதன்மேல் ஒற்றை மடிப்புக் காஸ் துணியை வைத்து, துணியின் கண்கள் வழியே பசை மேலே வரும்வரை தூரிகையால் லேசாக ஒற்றுங்கள். ஒரு பக்க ஓரத்தை ஒரு சென்டிமீட்டர் பசையில்லாமல் வெளியே விட்டுவையுங்கள், பிறகு பிடித்து உரிக்க அதுதான் கைப்பிடி.

முழுதாகக் காய அரை மணி ஆகும். மின்விசிறிக் காற்றில் கொஞ்சம் முன்னதாகவே காயலாம். வெள்ளை நிறம் போய்க் கண்ணாடி மாதிரி ஆகியிருக்க வேண்டும். நடுவில் எங்காவது பால் நிறம் தெரிந்தால் இன்னும் பொறுங்கள். பெரும்பாலும் இந்த முறை 'பலிக்கவில்லை' என்பவர்கள் பதினைந்தாவது நிமிடத்தில் உரித்தவர்கள். ஈரப் பசை நூல் நூலாக இழுபடும், முள்ளைப் பிடித்துக்கொள்ளாது.

உரிக்கும்போது துணியை மேல்நோக்கித் தூக்காமல், தன்மேலேயே மடித்துத் தோலோடு ஒட்டினாற்போல் பின்னோக்கி இழுங்கள். முன்பு குறித்துக்கொண்ட திசை இப்போது உதவும்: முள்ளின் வெளிமுனை எந்தப் பக்கம் பார்த்துச் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமாக உரித்தால் வந்த வழியே வெளியேறும். உரித்த துணியை வெளிச்சத்தில் பிடித்தால் நுனி நுனியாக நிற்பது தெரியும்.

இதை இரண்டு முறை செய்யலாம், மிஞ்சிப் போனால் மூன்று. ஒவ்வொரு முறையும் தோலின் மேற்பூச்சும் கொஞ்சம் போகிறது. மூன்றுக்குப் பிறகும் மிஞ்சுவதைத் துரத்தினால் புண்தான் வரும். கரப்பான் (எக்சிமா) உள்ள தோல், சிராய்ப்பு, இமை, உதடு, பிறப்புறுப்பைச் சுற்றிய இடம் ஆகியவற்றில் பசை முறையே வேண்டாம். பசையை வாயில் வைக்கும் வயதுக் குழந்தையென்றால் அரை மணியும் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும்.

பசை இல்லாத இடத்தில் அகலமான ஒட்டுநாடாவைப் பயன்படுத்தலாம். மேலாக ஒற்றி எடுக்க வேண்டும். அழுத்தித் தேய்த்தால் முள் உள்ளே போகும். ஒரு துண்டை ஒரு முறைக்கு மேல் வைக்காதீர்கள். ரோமம் நீக்கும் சூடான மெழுகைச் சிலர் சொல்கிறார்கள். குழந்தையின் தோலுக்கு எந்தச் சூடு சரி என்பதைக் கையால் கணிக்க முடியாது, எனவே அதைத் தவிர்த்துவிடுவதே நல்லது. ஊசியால் தோண்டுவது, நகத்தால் நசுக்கிப் பிதுக்குவது, நுரைக்கல்லால் தேய்ப்பது மூன்றுமே முள்ளை முறித்து ஆழத்தில் புதைக்கும் வழிகள். பற்பசையும் எண்ணெயும் முள்ளை வெளியே இழுப்பதில்லை.

முடிந்ததா என்று தெரிந்துகொள்ள ஒரு சின்ன வழி: உலர்ந்த பஞ்சை இலேசாகப் பிய்த்து, இழை தோலைத் தொட்டும் தொடாமலும் ஓட்டிப் பாருங்கள். முள் மிச்சம் இருக்கும் இடத்தில் இழை ஒன்று மாட்டி நிற்கும்.

எடுத்த பிறகு

இப்போதுதான் சோப்பும் தண்ணீரும். நன்றாகக் கழுவி, தேய்க்காமல் ஒற்றித் துடையுங்கள். எரிச்சலும் தடிப்பும் இருந்தால் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வைக்கலாம். ஐஸ் நேரடியாகத் தோலில் படக் கூடாது. கலமைன் லோஷன் அரிப்புக்கு இதமாக இருக்கும்.

சிவந்து தடித்துத்தான் இருக்கிறது என்றால் 1 விழுக்காடு ஹைட்ரோகார்டிசோன் களிம்பை மெல்லிய படலமாக நாளுக்கு ஒன்று அல்லது இரண்டு முறை, சில நாட்கள் போடலாம், ஒரு வாரத்தைத் தாண்ட வேண்டாம். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கோ முகத்திலோ மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது. தோல் கிழிந்திருக்கும் இடத்திலும் கூடாது. இரவில் அரிப்பால் தூக்கம் போனால் வாய்வழி அலர்ஜி மருந்து உதவும், வயதுக்கும் எடைக்கும் உரிய அளவை மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்டுக் கொடுங்கள். அலர்ஜி மருந்தைக் களிம்பாகப் பூசும் வகை சில குழந்தைகளுக்குப் புதிதாகவே ஒவ்வாமையைக் கிளப்பிவிடும் என்பதால் அதை நான் பரிந்துரைப்பதில்லை. நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். சொறிந்து புண்ணாக்குவதை அது குறைக்கும்.

முள் குத்தும் காயம் வாய் சின்னது, உள்ளே ஆழம், மண்ணும் சேர்ந்திருக்கலாம். அதனால் தடுப்பூசி அட்டையை ஒரு முறை எடுத்துப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் டெட்டனஸ் தவணைகள் ஆறு: கைக்குழந்தைப் பருவத்தில் மூன்று, 12 முதல் 23 மாதத்துக்குள் ஒன்று, 4 முதல் 7 வயதுக்குள் ஒன்று, 9 முதல் 15 வயதுக்குள் ஒன்று. ஏதாவது தவணை விடுபட்டிருந்தாலோ, மண் பட்ட ஆழக் குத்தாக இருந்து கடைசி ஊசி போட்டு 5 ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தாலோ மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

அன்றைக்கே வீட்டில் இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. சட்டை, துண்டு, உட்கார்ந்த விரிப்பு எல்லாவற்றிலும் சுணை இருக்கும். மற்றத் துணிகளோடு சேர்த்துத் துவைத்தால் வீட்டில் எல்லோர் துணிக்கும் அது பரவும். நிறைய அப்பியிருந்தால் அந்தத் துணியைத் தூக்கிப் போடுவதே மேல். இல்லையென்றால் நாடாவால் ஒற்றி எடுத்துவிட்டுத் தனியாக அலசுங்கள். தரையைத் துடைப்பத்தால் பெருக்கினால் சுணை காற்றில் கிளம்பும். ஈரக் காகிதத்தால் ஒற்றித் துடைத்து அந்தக் காகிதத்தை மடித்து எறிந்துவிடுங்கள். 'நேற்று எடுத்துவிட்டோம், இன்றைக்குத் தொடையில் புதிதாக அரிக்கிறது' என்றால் பெரும்பாலும் காரணம் இந்தத் துணிதான்.

வீட்டில் கை வைக்கக் கூடாதவை

கண்ணில் முள் பட்டிருந்தால் எடுக்கவும் கூடாது, அழுத்திக் கட்டவும் கூடாது. காகிதக் கோப்பை ஒன்றைக் கண்ணின் மேல் படாமல் கவிழ்த்துப் பிடித்தபடி உடனே கண் மருத்துவரிடம் போக வேண்டும். சப்பாத்திக்கள்ளிப் பழத்தைத் தோலோடு கடித்து நாக்கிலும் தொண்டையிலும் சுணை ஏறியிருந்தால், எச்சில் விழுங்க முடியவில்லை, குரல் மாறுகிறது, மூச்சு இழுக்கிறது என்ற அறிகுறிகளில் எது வந்தாலும் மருத்துவமனைதான். நகக்கண்ணுக்குள் ஆழமாக முறிந்த முள்ளும், விரல் முட்டி, முழங்கால் போன்ற மூட்டின் மேல் ஆழமாக இறங்கிய முள்ளும் மருத்துவர் வேலை.

கையாளத் தெரிந்த காயமாக இருந்தாலும் இரண்டு நாள் கண்காணியுங்கள். சிவப்பின் ஓரத்தைப் பேனாவால் கோடு போட்டு வைத்தால் பரவுகிறதா இல்லையா என்று சந்தேகம் இல்லாமல் தெரியும். சிவப்பு கோட்டைத் தாண்டுகிறது, தொட்டால் சுடுகிறது, சீழ் கோக்கிறது, கையில் சிவப்புக் கோடு மேலேறுகிறது, அக்குளில் நெறி கட்டுகிறது, காய்ச்சல் வருகிறது, வலி குறைவதற்குப் பதில் கூடுகிறது என்றால் அது கிருமித் தொற்று. அப்போது மருத்துவரிடம் காட்டுவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

சில வாரம் கழித்து வருபவை

எல்லாம் ஆறிவிட்டது என்று மறந்தபின், குத்திய இடத்தில் கடுகு அளவில் பளபளப்பான சின்னச் சின்னப் பருக்கள் எழும்பலாம், சிலவற்றின் நடுவே கரும்புள்ளியும் தெரியும். உள்ளே தங்கிவிட்ட சுணையைச் சுற்றி உடம்பு கட்டிய சுவர் அது. கிருமித் தொற்று இல்லை என்பதால் ஆன்டிபயாட்டிக் அதற்கு உதவாது. பல மாதம் இருந்து தானாக அடங்கும். மருத்துவர் எழுதித் தரும் ஸ்டீராய்டு களிம்பு சீக்கிரம் தணிக்கலாம். அதைப் பிதுக்க வேண்டாம். சொறிசிரங்கு என்று தவறாக நினைத்து வீட்டில் எல்லோருக்கும் அதற்கான மருந்தைப் பூசுவதும் நடக்கிறது.

குத்திய இடத்தில் ஒரு கட்டி தோன்றி, அங்கிருந்து கைவழியே மேல்நோக்கி ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டிகள் வரிசை கட்டினால் அது மண்ணிலும் செடியிலும் வாழும் ஒரு வகைப் பூஞ்சையாக இருக்கலாம். அதற்கு வாய்வழி மருந்து வேண்டும், வீட்டு வைத்தியத்தால் போகாது.

மூட்டு விஷயம்தான் பெரும்பாலும் தவறவிடப்படுகிறது. ஒரே ஒரு மூட்டு வீங்கி, மடக்க வலித்து, காரணம் புரியாமல் இழுத்துக்கொண்டே போகும். குழந்தைக்கு முள் குத்திய ஞாபகமே இருக்காது. எக்ஸ்ரேயில் தாவர முள் பொதுவாகத் தெரிவதில்லை, எனவே 'ஒன்றும் இல்லை' என்ற முடிவு வந்துவிடும். அல்ட்ராசவுண்டில் தெரிய வாய்ப்பு உண்டு. ஆனால் அதை எடுக்கச் சொல்ல, முள் குத்தியது என்ற செய்தி மருத்துவருக்கு வேண்டும். முள் எடுக்கும் அன்றே செடியையும் கையையும் ஒரு படம் எடுத்து, எந்தக் கை, எந்த விரல், என்ன தேதி என்று அலைபேசியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.